அழத் தெரியாதவள் அழுத படம்

ஒரு மோசமான சினிமாவால் யாருக்கு என்ன நஷ்டம், ஒரு மத்தியானம் வீணாய்ப் போகும், அவ்வளவுதானே என்று கேட்பார்கள். எனக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே போயிற்று. அந்தப் படத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். எடுத்தவர்களும் பிழைப்புக்காகத்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் அதன் டைரக்டர் என்றைக்காவது என் எதிரில் வந்திருந்தால், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் விட்டிருக்க மாட்டேன்.

ஐம்பதுகளில் நடந்தது. நான் செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தவள். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் அவர் டிரைவர். என்னைக் கட்டிக்கொடுத்தது மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பும் மணலுமாகக் கிடந்த ஒரு ஊரில். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே, வளைகாப்பு முடிந்ததும் செங்கல்பட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். அடைமழையில் ஆண் பிள்ளை பிறந்தது. அந்த மழையில் ஏரி உடைந்து ரோட்டை அறுத்துக்கொண்டு போக, பஸ் நின்றுவிட்டது. ஆள் மேல் ஆளாகச் சேதி சொல்லி அனுப்பி, என் வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்த அன்று காலையில்தான் குழந்தையைக் கொண்டுபோய்ப் புதைத்திருந்தார்கள்.

அவர் வாசலில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தார். நான் தீட்டு அறையில் இருந்தேன். கதவு இடுக்கு வழியாக அவர் முதுகும் நனைந்த சட்டையும் மட்டும் தெரிந்தன. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

எனக்கு அவரிடம் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. குழந்தைக்கு அவருடைய நெற்றி. அகலமான நெற்றி, இரண்டு ஓரமும் மேலே ஏறி நடுவில் மட்டும் முடி கூராக இறங்கியிருக்கும். அச்சு அசல் அதுதான். அவர் கண்ணால் பார்க்காத பிள்ளை. அந்த நெற்றியைப் பற்றி நான் சொன்னால்தான் அவருக்குத் தெரியும், வேறு யார் சொன்னாலும் அது பேச்சோடு பேச்சாகப் போய்விடும் என்று நினைத்தேன். அதனால் அம்மாவிடம்கூட அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நேரில் பார்க்கும்போது சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

நேரில் பார்க்கத்தான் வழியில்லாமல் போனது. எங்கள் பக்கத்தில் முறை ஒன்று உண்டு. பிரசவம் ஆன பெண்ணை மாமியார் வீட்டார் தட்டு வரிசையோடு வந்து, குழந்தையை மடியில் வாங்கி, தாயையும் பிள்ளையையுமாக அழைத்துப் போவார்கள். பிள்ளை இல்லாமல் போய்விட்டால் யார் வந்து யாரை அழைப்பது என்று எந்த முறையிலும் சொல்லி வைக்கவில்லை. என் மாமியார் தன் ஊரில், "புள்ளயத் தூக்கிக்கினு வர்றதுக்குத்தான் தட்டு எடுத்துக்கினு போறது. இப்ப இன்னாத்தத் தூக்கறது? அவ வூடு, அவளே வரட்டும்" என்றாராம். என் அம்மாவோ, "கூப்பிடாத வூட்டுக்கு எப்படி அனுப்பறது? பொண்ணத் தள்ளி வுட்டுட்டாங்கன்னு ஊர் பேசும்" என்று பிடித்த பிடியில் நின்றாள். இரண்டு பக்கமும் கெட்டவர்கள் இல்லை. இரண்டு பக்கமும் காத்திருந்தார்கள். மழைக்காலம் போய் வெயில் காலமும் வந்துவிட்டது. தெருவில் என்னைப் பார்க்கிற பார்வையும் மாறிவிட்டது. பிடிவாதத்துக்கும் மரியாதைக்கும் நடுவில் நான் காய்ந்துகொண்டிருந்தேன்.

இதற்கு நைனா கண்டுபிடித்த வழிதான் சினிமா. மாமல்லபுரத்துக் கடற்கரையில் ஒரு படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, பஸ் திரும்பும்வரை அவர் நின்று பார்த்திருக்கிறார். லைட்டுத் தூக்குகிற ஆள் ஒருவன் டீக்கடையில் அவரிடம் கதையைச் சொல்லியிருக்கிறான். பிள்ளையைப் பறிகொடுத்த புருஷன் பெண்சாதி, மனஸ்தாபத்தில் பிரிந்து, கடைசியில் கடலோரத்தில் சேர்கிற கதை. நைனா வீட்டுக்கு வந்து சொன்னார்: "அந்தம்மா அலைல நின்னுக்கினு அழுதுது பாரு, கல்லும் கரைஞ்சிடும். எனக்கே தொண்ட அடச்சிப்போச்சி." அவர் நின்றது எங்கோ சவுக்கு மரத்துக்கடியில். அலை இரைச்சலில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழுந்திருக்காது. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா அழுகையும் நல்ல அழுகைதான்.

அந்தப் படம் செங்கல்பட்டுக் கொட்டகைக்கு வந்ததும் நைனா திட்டம் போட்டுவிட்டார். கொட்டகை யார் வீடும் இல்லை. அங்கே போனால் யாரும் யாரையும் அழைத்ததாகாது, யாரும் இறங்கிவந்ததாகவும் ஆகாது. எல்லாரும் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டால், சாயங்கால பஸ்ஸில் மாப்பிள்ளை பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடலாம். மாமல்லபுரம் பஸ் நிறுத்தத்தில் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மாப்ள, ஞாயித்துக்கெழம ஒரு படம் பாக்கலாம், வாங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவரும், "சரி மாமா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இருவருக்கும் விஷயம் புரிந்திருந்தது. அம்மா என் புடவைகளைத் தகரப் பெட்டியில் அடுக்கினாள். பெட்டியோடு சினிமாவுக்குப் போனால் சிரிப்பார்கள் என்று பஸ் ஸ்டாண்டு சோடாக் கடையில் வைத்துவிட்டுப் போனோம்.

வழக்கமாக நானும் அம்மாவும் பெண்கள் பக்கத்துத் தரையில் உட்காருவோம். அன்றைக்கு நைனா நாற்காலி டிக்கெட் எடுத்திருந்தார், நானும் என் வீட்டுக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று. என் வீட்டுக்காரர் முன்னமே வந்து நின்றிருந்தார். இளைத்துப் போயிருந்தார். "நல்லா கீறியா?" என்றார். "கீறேன்" என்றேன். நைனாவும் அம்மாவும் எங்களுக்குப் பின் வரிசை. அம்மா முந்தானையை முன்கூட்டியே கையில் சுருட்டிவைத்திருந்தாள்.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே இது உருப்படாது என்று தெரிந்துவிட்டது. கதாநாயகன் ராஜபார்ட் போட்டுப் பழகியவர் போலிருக்கிறது. மனைவியிடம் சொம்பில் தண்ணீர் கேட்பதைக்கூடப் போருக்கு அறைகூவுகிற குரலில் கேட்டார். போகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். பிறகு குழந்தை வந்தது. பிறந்து பத்து நாள் ஆன சிசு என்று வசனம். தொட்டிலில் கிடந்ததோ வருஷம் திரும்பிய பிள்ளை. இரண்டு காலும் தொட்டிலுக்கு வெளியே தொங்கின. அதற்குக் காய்ச்சல் கண்டு, வைத்தியர் உதட்டைப் பிதுக்கி, விளக்கு அணைந்து, குழந்தை செத்துப் போனது. செத்த பிள்ளை கையை எடுத்து மூக்கைச் சொறிந்துகொண்டது. தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன், "ஏ, கொயந்த எந்திரிச்சிக்கிச்சி, வூட்டுக்குப் போலாம்" என்றான். கொட்டகை கொல்லென்று சிரித்தது.

அதை டைரக்டர் பார்த்திருக்க மாட்டாரா? பார்த்தும், மறுபடி எடுக்க ஃபிலிம் செலவாகுமே என்று விட்டிருப்பார். அதுகூடப் பரவாயில்லை. அந்த நடிகை அழுதாள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. எங்களைப் பார்த்து அழுதாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் எங்கே பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். குழந்தையின் விரலைப் பார்ப்பாள், அதன் வாயைப் பார்ப்பாள், இன்னும் ஒரு தடவை மூச்சு வருமா என்று வயிற்றைப் பார்ப்பாள். அழுகை அதற்கெல்லாம் பிறகுதான். அங்கே அழுகை முதலிலேயே தயாராக இருந்தது, கண் மை கலையாமல், தலைப் பூ நழுவாமல். அது முடிந்ததோ இல்லையோ, துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் ஒரு குண்டனும் அவன் பெண்சாதியும் வடைக்காகச் சண்டை போடும் காமெடி. எழவு வீட்டில் யாராவது அப்படிச் செய்தால் முதுகில் இரண்டு வைப்பார்கள்.

இடையில் ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு அந்த வசனம் வந்தது. பிரிந்திருந்த புருஷனை அவள் ஒரு மண்டபத்தில் பார்க்கிறாள். பின்னால் வயலின் இழுக்கிறது. அவள் அவன் காலில் விழுந்து நிமிர்ந்து சொல்கிறாள்: "நாதா, நம் செல்வத்துக்குத் தங்கள் நெற்றி."

அது என் வார்த்தை. அத்தனை மாதமாக நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்த வார்த்தை. அதை எழுதியவனுக்கு எங்கிருந்து கிடைத்ததோ, அவன் வீட்டிலும் யாரோ ஒருத்தி சொல்லி அழுதிருக்க வேண்டும். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நடிகை, தங்கள் நெற்றி என்று சொல்லிவிட்டுத் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். ஒரு தடவை இல்லை. "தங்கள் நெற்றி, தங்கள் நெற்றி" என்று ஒவ்வொரு தடவையும் தன் பொட்டின் மேலேயே விரலை வைத்தாள். "யாரு நெத்திம்மா, சரியாச் சொல்லு" என்று தரையிலிருந்து குரல் வந்தது. இன்னொருவன் அவளைப் போலவே ராகம் போட்டு இழுத்தான். கொட்டகையே சேர்ந்துகொண்டு, "தங்கள் நெற்றீ" என்றது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். பக்கத்தில் அவரும் சிரித்தார்.

மிச்சத்தைக் கடற்கரைக் காட்சி முடித்து வைத்தது. ஏதோ பழைய காலத்துக் கிராமத்துக் கதையில், அவள் அலையை நோக்கி ஓடுகிறபோது, பின்னால் சவுக்கு மரத்தடியில் ஒரு மோட்டார் பஸ் நின்றது. பஸ் பக்கத்தில் காக்கிச் சட்டையில் நைனா, இடுப்பில் கை வைத்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றார். செங்கல்பட்டில் அவரைத் தெரியாதவர் யார்? "டிரைவர் அண்ணாத்தடா! ஹாரன் அடி அண்ணாத்த, அந்தம்மா கடல்ல வுய்ந்துடப் போவுது" என்று விசில் பறந்தது. நைனா விளக்கு போடும்வரைகூட இருக்கவில்லை. எழுந்து போய்விட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை அவருடையது. அந்தக் கொட்டகைப் பக்கமே அதன்பின் அவர் போகவில்லை.

வெளியே நல்ல வெயில் இருந்தது. அம்மா முன்னால் நடந்தாள். சோடாக் கடையில் என் வீட்டுக்காரர் பெட்டியைத் தானே கேட்டு வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். "பஸ்ஸு கெளம்பப் போவுது, வா" என்றார். அவ்வளவுதான் அழைப்பு. அம்மாவுக்கும் அது போதுமாக இருந்தது. அப்படியானால் படம் வேலை செய்துவிட்டது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று ஊரும் உறவும் நினைத்தன. நைனாவும் பிற்பாடு அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டார்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பஸ்ஸில் கூட்டம் குறைந்தது. அவர் என் பக்கம் திரும்பாமல், மெதுவாகக் கேட்டார்.

"புள்ள யாரு ஜாட?"

எத்தனை நாள் அவர் அதைக் கேட்க நினைத்திருப்பார். வாயைத் திறந்தேன். உங்க நெத்தி மாமா என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூடவே அந்தப் பெண்பிள்ளையும் வந்தாள், விரலைத் தன் பொட்டில் வைத்துக்கொண்டு. கொட்டகையே இழுத்த இழுப்பும் காதில் கேட்டது. நான் இப்போது அதைச் சொன்னால், இவள் படத்து வசனத்தைச் சொல்கிறாள் என்றுதானே நினைப்பார்? சிரித்துவிட்டால் நான் செத்தேன். சிரிக்காமல் இருந்தாலும், எனக்காகச் சிரிப்பை அடக்கிக்கொள்கிறாரோ என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"பொறந்த கொயந்தைல இன்னா ஜாட தெரியும்? எல்லாக் கொயந்தையும் ஒண்ணாத்தான் கீது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சரிதான், கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தவரைப் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் அந்தப் பிள்ளையைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவே இல்லை. நாளைக்குச் சொல்லலாம், கொஞ்சம் ஆறட்டும் என்று நானும் தள்ளிப் போட்டேன். நாள் போகப் போக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் அதோடு சேர்ந்துகொண்டது. வருஷங்கள் போய்விட்டன.

பிறகு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஜாடை சொன்னார்கள், மூன்றும் என் பக்கம், நைனாவை உரித்து வைத்திருக்கிறது என்று. என் வீட்டுக்காரர் எட்ட நின்று கேட்டுக்கொண்டிருப்பார். என் மாமியார் ஒவ்வொரு தடவையும், "எம் புள்ளையக் கொண்டு ஒண்ணுகூடப் பொறக்கலியே" என்று குறைப்படுவார். அவரும் சிரித்துக்கொண்டே, "ஆமாம்மா, எனுக்கு அந்தக் குடுப்பினை இல்ல" என்பார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். சாகிறவரைக்கும் அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.