ரெண்டு நடக்கு

மனு எழுதுவதை ஒரு தொழிலாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் இதில் தேய்கிற செருப்பு வேறு எதிலும் தேயாது. சர்க்காரிடம் ஏதாவது கேட்டு ஆபீஸ் ஆபீஸாகப் படியேறியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

காகிதத்தில் இல்லாதவர்கள்

யுத்த காலம். அரிசிக்கு க்யூ, சர்க்கரைக்கு க்யூ. இரண்டு வயது முடியாத குழந்தைகளுக்கு மட்டும் சர்க்கார் மலிவு விலையில் பால் கொடுத்தது. மாதுங்காவில் எங்கள் தெருமுனையிலேயே பால் நிலையம் திறந்தார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தாராவிக்கு இல்லை. எங்கள் மாதர் சங்கத்துக்கு நான் காரியதரிசி. நாலு மனு போட்டும் அசைவில்லை. நேரிலேயே போய் நின்றேன். பால் கார்டு ஆபீஸின் ஹெட் கிளார்க் பாலக்காட்டுக்காரர், எங்கள் தெருக்காரர்தான். தலை நிமிராமலே கேட்டார்: "மாமி, தாராவியில கொழந்தைகள் இருக்குன்னு எந்தக் காயிதத்தில இருக்கு?"

கதவு

பட்டியல் எடுக்கக் கிளம்பினேன். தோல் கிடங்குகளில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக் குடும்பங்கள். நோட்டும் பென்சிலுமாக என்னைக் கண்டதும், ரேஷன் கார்டைப் பறிக்க வந்தவள் என்று கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். திறந்தவள் இசக்கியம்மாள் ஒருத்திதான். அவள் இடுப்பில் இருந்த பெண் குழந்தைக்குக் காலும் கையும் குச்சி குச்சியாக இருந்தன. தாய்ப்பால் வற்றிவிட்டது, கஞ்சித் தண்ணீரில்தான் அந்த உயிர் ஓடிக்கொண்டிருந்தது. வயது கேட்டேன். "ரெண்டு நடக்கும்மா" என்றாள். 2 என்று எழுதிக்கொண்டேன். பிறகு அவளே ஒவ்வொரு கதவாகத் தட்டினாள்: "ஏட்டி, தொற! இது பாலு வாங்கித் தர வந்த அம்மா, கார்டப் புடுங்க வந்தவ இல்ல!" பல வீட்டிலும் அதே பதில், நோட்டில் அதே 2.

என் இங்கிலீஷ்

பட்டியலை இங்கிலீஷில் டைப் அடித்து நாலாவது மனுவோடு சேர்த்துக் கொடுத்தேன். மனு தள்ளுபடி! தாராவியில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வயது ஆகிவிட்டதாம். மறுபடி கேட்க வேண்டுமானால் சனிக்கிழமை ஒரு மணிக்குள் கேட்க வேண்டும். அன்றைக்கு வெள்ளி. தாராவிக்கு ஓடினேன். குழந்தை காய்ச்சலில் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. "ரெண்டு ஆயிடுத்துன்னு ஏன் சொன்னே?" என்று இசக்கியம்மாளிடம் எரிந்து விழுந்தேன். அவள் சொன்னது ரெண்டு நடக்கு என்று; ஒரு வயது முடிந்தால் என் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம். பென்சிலைப் பிடித்ததும் எனக்குத் தமிழ் மறந்துவிட்டது. நான் கேட்டு முடிப்பதற்குள் அவள் சொன்னாள்: "நடக்குன்னுதானம்மா சொன்னேன், முடிஞ்சிட்டுன்னா சொன்னேன்?"

பன்னிரண்டே முக்கால்

சனிக்கிழமை இசக்கியம்மாள் தனியாக வரவில்லை. தாய்மார்களும் பிள்ளைகளுமாக ஆபீஸ் வராந்தா நிறைந்துவிட்டது. பியூன் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தான். தப்பு என்னுடையது என்று நான் மன்றாடினேன். "டைப் அடிச்சது அடிச்சதுதான் மாமி" என்று ஹெட் கிளார்க் ஃபைலைக் கட்டப் போனார். இசக்கியம்மாள் என்னை விலக்கிக்கொண்டு போய்க் குழந்தையை அவர் மேஜைமேல் நிறுத்தினாள். கால் மடங்கி, அது ஃபைல்மேலேயே சரிந்தது. அவர் சட்டென்று இரு கையாலும் தாங்கிக்கொண்டார். அவள் சொன்னாள்: "வயசுதான்யா நடக்கு, பிள்ள இன்னும் நடக்கல."

அவர் தன் பேனாவாலேயே ஒவ்வொரு 2-ஐயும் 1 ஆக்கிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஃபைல் நகர்ந்து நகர்ந்து தாராவியில் பால் நிலையம் திறந்த அன்று, தன் காலாலேயே நடந்து வந்து வரிசையில் நின்ற இசக்கியம்மாளின் மகளுக்கு ரெண்டு முடிந்து மூணு நடந்துகொண்டிருந்ததால், வயது வரம்பை உயர்த்தச் சொல்லி ஐந்தாவது மனுவை அங்கேயே நின்றபடி எழுதினேன்.