இங்கிதம் என்பது கேட்பதா, கேளாமல் விடுவதா?

டொக்... டொக். வாசலில் சப்பாத்துப் பனியை உதறும் சத்தம். கதவைத் திறக்குமுன்பே தெரிந்துவிட்டது: சிவம் அண்ணை! கனடா வந்த புதிதில் ஒரே பேஸ்மென்ட்டில் நான்கு வருஷம் கேட்ட சத்தம் அது. எப்போதும் இரண்டே உதறல்.

போன சனிக்கிழமை, போன்கூடப் பண்ணாமல் வந்திருந்தார். அவர் மனைவி காலமானபிறகு தனி ஆள்.

"என்ன அண்ணை, திடீரெண்டு?"

"சும்மாதான் தம்பி."

பிறம்ரனிலிருந்து மோர்னிங்சைட்டுக்கு, ஐம்பது கிலோமீற்றர், இந்தப் பனிக்குள், ஒரு மனிதர் சும்மா வருவாரா?

"தேத்தண்ணி போடட்டே அண்ணை?" என்றாள் என் மனைவி.

"வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சனான்."

மூன்று தரம் கேட்க வேண்டும். மூன்றாம் தரம்தான் தலையாட்டுவார்கள். அதுதானே நம் வழக்கம்? ஏனோ, ஒரு தரத்தோடு விட்டுவிட்டோம்.

பனி, ஹைவே, ட்ராபிக் என்று பேச்சு போனது. அவர் கை மட்டும் ஜக்கெட் பொக்கெற்றிலிருந்த கடித உறையைத் தொட்டுத் தொட்டு மீண்டது. ஆஸ்பத்திரி முத்திரை பாதி தெரிந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். துருவிக் கேட்பது இங்கிதமில்லையே!

நம்மவர்கள் வந்த விஷயத்தைச் சொல்வது சப்பாத்துப் போட்டபிறகுதான். காத்திருந்தேன். லேஸைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். "சரி, வாறன்." இறங்கிவிட்டார்.

கதவைச் சாத்தியதும் குழப்பம் பிடித்தது. இங்கிதம்... எப்போதோ அகராதியில் பார்த்த ஞாபகம். வடமொழியிலிருந்து வந்த சொல். முதற்பொருள் நல்ல நடத்தையே இல்லை — முகத்திலும் கையிலும் கசிகிற மனக்குறிப்பு. அதை அறிந்து நடப்பதெல்லாம் பிறகு வந்த பொருள். அப்படியென்றால், கண்டும் காணாததுபோல் இருந்த நான் யார்? சரி, ஓடிப்போய்க் கேட்டால்? அவர் மூடி வைத்ததைப் பிரிப்பதல்லவா அது?

செருப்போடு பனிக்குள் ஓடினேன். கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உது என்ன கடிதம்?"

சுரண்டுவது நின்றது.

"வயித்துக்குள்ளை கமரா விட்டுப் பாக்கப் போகினம். திங்கட்கிழமை. கூட்டிக்கொண்டு போக ஆள் வராட்டிச் செய்யமாட்டினமாம்... உனக்கு வேலைநாளெல்லோ. எப்பிடிக் கேக்கிறது?"

"எத்தினை மணிக்கு?"

"ஒம்பதுக்கு."

"ஏழரைக்கு உங்கட வாசலிலை நிப்பன்."

மிச்சப் பனியையும் சுரண்டிவிட்டுக் காரில் ஏறினார். நான் கேட்டது சரியா, பிழையா? முகத்தைப் படிக்கவும் தெரியவில்லை. கார் கொஞ்சம் நகர்ந்து, நின்றது. கண்ணாடி இறங்கியது.

"தம்பி, வரேக்கை பிளாஸ்க்கிலை தேத்தண்ணி கொண்டு வா. எல்லாம் முடியக் குடிப்பம். இண்டைக்குக் குடிச்சிட்டு வந்தனான் எண்டது பொய்!"