ஏசி ரூம் ஆபரேட்டர்

எனக்குப் பெண் பார்த்த தரகர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வினையே அதுதான். "பையன் ஆபரேட்டருங்க. ஏசி ரூம்ல உக்காந்து வேலை. கையில அழுக்கே படாது" என்று கருவேப்பிலங்குறிச்சியில் பெண் வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார். மூன்றும் உண்மை. நான் பொக்லைன் ஆபரேட்டர். கேபினில் ஏசி உண்டு. ஓடாது, ஆனால் உண்டு. அழுக்கெல்லாம் வண்டியின் கையில்தான் படும், என் கையில் படாது. பக்கெட் மாட்டிய அந்த நீண்ட இரும்புக்கு எங்கள் தொழிலில் கை என்றுதான் பெயர். "கையத் தூக்கு" என்று மேஸ்திரி கத்தினால், வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் பயந்துபோய்த் தங்கள் கையைத் தூக்குவார்கள்.

பெண்ணின் அப்பா இதைக் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்று முடிவு கட்டிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏசியில் உட்கார்ந்திருக்கிற ஆபரேட்டர் என்றால் யாருக்கும் அதுதான் தோன்றும். எனக்கோ இந்தக் குழப்பம் எதுவும் தெரியாது.

அதற்கு முன்பு பல இடங்கள் தட்டிப்போயிருந்தன. "பொக்லைன் ஓட்டுறவனுக்கா?" என்ற ஒரு கேள்வியோடு முடிந்துவிடும். திட்டக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் காபி வந்தது, பெண் வரவில்லை. அம்மா வேண்டாத சாமி இல்லை. ஆனால் இந்தப் பெண்ணின் போட்டோவைப் பார்த்தபோது முதல்முறையாக நானும் வேண்டிக்கொண்டேன். போட்டோவில் அவள் சிரிக்கவில்லை. படம் பிடித்தவர் ஏதோ தப்பாகச் செய்கிறார், அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். எனக்கு அந்த முகம் பிடித்துப்போனது. இது மட்டும் தட்டிப்போகக் கூடாது என்று இருந்தது.

ஒரு நாள் காலை அவளுடைய அப்பாவே போன் செய்தார். "தம்பி, விருதாச்சலம் வந்திருக்கேன். ஆபீஸு எங்க இருக்குது?"

"சைட்டுல இருக்கேங்க. செராமிக் பேட்டைக்குப் பின்னால."

"சைட்டு பாக்குறீங்களா? பாருங்க, பாருங்க. நான் வந்து ஓரமா உக்காந்துக்கறேன்."

மூடிக் கிடந்த ஒரு பழைய பீங்கான் தொழிற்கூடத்தை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப்போகிறார்கள். அதற்குத்தான் அடித்தளம் தோண்டிக்கொண்டிருந்தேன். பக்கெட்டைப் போட்டு எடுத்தால் மண் வராது. ஃபியூஸ் கட்டையும், காது இல்லாத கப்பும், மூக்கு உடைந்த பிள்ளையாரும்தான் வரும். ஒரு மூலையில் களிமண் கரைத்துவிடும் பெரிய தொட்டி இருந்தது. மேலே காய்ந்து, வெள்ளைவெளேரென்று, புதிதாகப் போட்ட சிமெண்டுத் தரைபோல் இருக்கும். அந்த ஏடு அப்பளக் கனம்தான். அதற்குக் கீழே முழுக்கத் தயிர்.

அவர் சலவை வேட்டி சட்டையில் வந்தார். கையில் போன். மாப்பிள்ளையின் ஆபீஸை மகளுக்கு வீடியோ காலில் காட்டிக்கொண்டே வந்திருக்கிறார். சுற்றிலும் ஒரே சேறு. வேட்டியில் கறை படக் கூடாதென்று பார்த்துப் பார்த்து நடந்தவர், அங்கேயே சுத்தமாகத் தெரிந்த அந்த ஒரே இடத்தை நோக்கித் திரும்பினார். நான் கேபினிலிருந்து இரண்டு கையையும் ஆட்டி, "போவாதீங்க, போவாதீங்க!" என்று கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்டதோ, வரவேற்கிறேன் என்று நினைத்துவிட்டார். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கும்பிட்டார். கும்பிட்டபடியே தொட்டிக்குள் இறங்கினார்.

இடுப்புவரை போய்விட்டார். மேஸ்திரி பலகை போட்டு இழுத்துப் பார்த்தார். அசைய அசைய இன்னும் கொஞ்சம் உள்ளேதான் போனார். பக்கெட்டில் ஆளை ஏற்றக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வேறு வழி தெரியவில்லை. வண்டியை ஓரமாகக் கொண்டுவந்து பக்கெட்டை நீட்டினேன்.

"ஐயா, கையப் புடிச்சிக்குங்க!"

அவர் என்னை நோக்கிக் கையை நீட்டினார். "எங்க தம்பி உங்க கை?"

"உங்க முன்னாடி இருக்குதே, அதாங்க கை!"

பக்கெட்டின் இரும்புப் பல்லை அவர் ஒருமுறை பார்த்தார். பிறகு அதைக் கட்டிப்பிடித்து உள்ளே சரிந்தார். தூக்கினேன். "வேட்டி! வேட்டி!" என்று அலறினார். ஆளை விட்ட களிமண் வேட்டியை விடவில்லை. ஒரு கையில் பக்கெட்டையும் மறு கையில் வேட்டியையும் பிடித்துக்கொண்டு, இடுப்புக்குக் கீழே சூளைக்குப் போகாத பொம்மைபோல வெள்ளையாக மேலே வந்தார். அப்படியே திருப்பியபோது கேபின் கண்ணாடிக்கு நேராக நின்றார். இன்ஜின் சத்தத்தைக் குறைத்தேன். நானும் அவரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டோம்.

"ஆபீஸு எங்க தம்பி?"

"இதாங்க ஆபீஸு."

உள்ளே எட்டிப் பார்த்தார். ஈரத் துண்டு, தண்ணீர் பாட்டில், நான். "ஏசி?"

விரலை நீட்டிக் காட்டினேன்.

"ஓடுதா?"

"இல்லீங்க."

தரகர் என்ன சொல்லியிருப்பார் என்பது அப்போதுதான் புரிந்தது. இவர் கால் தரையில் பட்டால் சம்பந்தம் முறிந்தது என்பதும் புரிந்தது. அதனால் நான் இறக்கவில்லை. அவரும் வந்த காரியத்தை விடுகிறவர் அல்ல.

"குடிப்பீங்களா?"

"டீ மட்டுங்க."

"கோவம் வருமா?"

"வரும். வந்தா வண்டி லிவரத் தொடமாட்டேங்க."

"எறக்குடா அவர!" என்று கீழிருந்து மேஸ்திரி கத்தினார்.

"இருய்யா, பேசிக்கிட்டு இருக்கோம்ல" என்று மேலிருந்து அவர் அதட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "சரி எறக்குங்க தம்பி. வூட்டுல கலந்துக்கிட்டு சொல்றோம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கலக்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். அழுகை வந்தது. இருந்தாலும் காய்ந்த இடமாகப் பார்த்து, மெதுவாக, அவர் பாதம் தரையில் படுவது அவருக்கே தெரியாதபடி இறக்கி வைத்தேன். இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

அப்போதுதான் அவருடைய சட்டைப் பை பேசியது. "அப்பா, நான் லைன்லதான் இருக்கேன்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எல்லாம் கேட்டேன். ஒன்னு சொல்லுங்க. உங்கள எறக்கறப்ப அந்தக் கை நடுங்குச்சா?"

அவர் யோசித்தார். நல்ல மனிதர், மகளிடம் பொய் சொல்லத் தெரியாது. "இல்லம்மா."

"எங்கியாச்சும் இடிச்சுதா?"

"ம்ஹூம்."

"அப்பறம் என்னா கலக்கறது? எனக்கு சம்மதம். அங்கயே சொல்லிட்டு வாங்க."

அவர் போனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். களிமண் பூசிய கையைச் சட்டையில் துடைத்துவிட்டு முன்னால் நீட்டினார். "கையக் குடுங்க மாப்ள."

என் கை இரண்டும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. பின்னால் கட்டிக்கொண்டு, "எந்தக் கைங்க மாமா?" என்று கேட்டேன்.