நான் கைகாட்டிய சரிவு

கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். சுரங்கத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்ட மேட்டில் மரக்கன்று நடும் வேலை அன்றோடு முடிந்திருந்தது.

பின்னால் வண்டியில் வந்த ஒருவர் நிறுத்தினார். ஐம்பது வயதிருக்கும்.

“அந்த மலையிலயா வேலை செஞ்ச?”

“ஆமாங்க.”

“மலையாவது! மல்லாட்ட பயிர் வச்ச எங்க கொல்லைப்பா அது.” சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். “சுரங்கத்துக்காக ஊரைக் காலி பண்றதுக்கு முன்ன எம் பொண்டாட்டிய அங்கதான் பொதச்சோம், மோட்டார் கொட்டாய் பக்கத்துல. இன்னிக்கு அவ செத்த நாளு. எந்தப் பக்கம்னு தெரியுமா?”

எனக்கு எப்படித் தெரியும்? நான் போனபோது அங்கே மண் மட்டும்தான் இருந்தது. தெரியாது என்றால் பேச்சு வளரும். எனக்கோ விருத்தாசலம் போய்ச் சேரும் அவசரம். கையை நீட்டி, “அதோ, அந்தச் சரிவுக்குக் கீழங்க” என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றினார். பையிலிருந்த வடையைச் சாலையோரம் படைத்து, சூடம் ஏற்றி, நான் காட்டிய பக்கம் விழுந்து கும்பிட்டார்.

“இத்தினி வருசமா தெச தெரியாம கும்பிட்டுட்டேன். கோச்சுக்காதடி.”

பிறகு இரண்டு வடையை என் கையில் வைத்தார். “நீ நல்லா இருக்கணும் தம்பி.”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. எத்தனையோ ஊரில் பட்டினி கிடந்தவன் நான். அந்த வடையை என்னால் விழுங்க முடியவில்லை. இனி வருடாவருடம் அவர் அந்தச் சரிவைத்தான் கும்பிடுவார்.

மறுநாள் காலை விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் களிமண் இறக்கும் வேலை கிடைத்தது. “இது எந்த ஊர் மண்ணுங்க?” என்று லாரிக்காரரிடம் கேட்டேன்.

“மண்ணுக்கு என்னாய்யா ஊரு? எறக்கு” என்றார்.

இறக்கினேன்.