ஸ்பிரிட் தேய்த்த கை

மூணாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் எம். புதுப்பட்டி ரோட்டில் என் பட்டாசுக் கம்பெனி வேன் வந்தால் பஸ்ஸே ஒதுங்கும். அப்படி வளர்ந்தவன் நான். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஒரு தீபாவளி சீசனில், அந்த வேன்தான் என்னைக் கோர்ட்டுப் படியேற வைத்தது.

வேலைக்கு வந்த பெண்களை ஊரில் இறக்கிவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பிய என் டிரைவர் ஓடைப் பாலத்துக் கட்டையில் மோதிவிட்டான். யாருக்கும் அடியில்லை. குடித்த வாடை அடிக்கிறதென்று போலீஸ் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. நானும் பின்னாலேயே ஓடினேன். எடுத்த ரத்தத்தில் ஆல்கஹால் இருக்கிறதென்று பிறகு ரிப்போர்ட் வந்தது. தண்டனை விழுந்தால் லைசென்ஸ் போய்விடும். ஸ்டியரிங்கை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்புத் தெரியாது.

"என் ஆளு குடிக்க மாட்டான்" என்று டீக்கடையிலிருந்து சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் சொல்லிவைத்தேன். எங்கள் வக்கீல் மட்டும் மசியவில்லை.

"அண்ணாச்சி, உங்க சர்டிபிகேட்டு கோர்ட்டுல செல்லாது. ரத்தம் எடுக்கையில அங்கனதான இருந்தீக? என்ன நடந்துச்சு?"

மோதின அன்று மத்தியானம் டிரைவர் அலுமினியப் பவுடர் டின்களை இறக்கியிருந்தான் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கை, முழங்கைக்கு மேல் வரை வெள்ளி பூசினாற்போல மினுங்கியது. நரம்பே தெரியாததால், நர்ஸம்மா பஞ்சு பஞ்சாக ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தார். ஈரம் காயுமுன்னே ஊசியைக் குத்தினார்.

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஸ்பிரிட்டும் ஆல்கஹால்தான் அண்ணாச்சி. ரத்தம் எடுக்கிற இடத்துல அது படவே கூடாது. ஆனா இதை அந்தம்மாதான் சொல்லணும்."

"நான் போயி ஒரு வார்த்தை..."

"அந்தப் பக்கம் தலைவச்சுப் படுத்தீக, கேஸை விட்டுருவேன்."

பேசிப் பேசியே பெரியாளானவன், அன்றைக்குக் கோர்ட்டு பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். நர்ஸம்மா கூண்டில் நின்றார். அவருடைய ஆஸ்பத்திரி டாக்டர் முன்வரிசையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையை எதால தொடச்சீகம்மா?" என்றார் வக்கீல்.

"பஞ்சால."

"பஞ்சை எதுல நனைச்சீக?"

நர்ஸம்மா டாக்டரைப் பார்த்தார். பிறகு நீதிபதி பக்கம் திரும்பினார்.

"கை பூரா பவுடரு சார். சோப்புத் தண்ணி போட்டும் அது போகல. ஸ்பிரிட்டுலதான் தொடச்சேன்."

அந்த ரிப்போர்ட்டை ஆதாரமாக எடுக்க முடியாது என்றார் நீதிபதி. வாடை அடித்ததென்ற போலீஸ் பேச்சு மட்டும் போதாது என்றும் சொன்னார். விடுதலை.

வெளியே வந்ததும் வக்கீல் முதுகில் ஒரு தட்டு தட்டினேன். "நான் சொன்னேன்ல, என் ஆளு குடிக்க மாட்டான்னு!"

டிரைவர் சிரிக்கவில்லை. அவனைத் தனியே இழுத்துப்போனேன்.

"ஏலே, குடிச்சிருந்தியா?"

"இன்னைக்குத்தான் கேக்கீக மொதலாளி." தரையைப் பார்த்தான். "ஒரு குவார்ட்டரு."

"லைசென்ஸைக் கோர்ட்டு குடுத்துருச்சு. வண்டியைக் குடுக்க வேண்டியவன் நான். நாளையிலேர்ந்து பேக்கிங்குக்கு வா."

மறுநாள் காலையில் வேனை நானே எடுத்தேன்.

"மொதலாளி ஓட்டுறாக, சாமியக் கும்பிட்டு ஏறுங்கடி!" என்றாள் ஒருத்தி. வண்டியே குலுங்கச் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தியும் இறங்கி நடக்கவில்லை. என் கதையை எழுத உட்கார்ந்தவன் அதையும் எழுதத்தானே வேண்டும்.