இஸ்பிரீத்து என்று ஒரு வார்த்தை

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கடற்கரைக்குப் போகிற ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் ஃபிட்டர் வேலை. நான் வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன்.

அந்தச் சந்து முழுக்க ஆர்.சி.க்காரர்கள், ரோமன் கத்தோலிக்கர்கள். நாங்கள் ஒரு வீடுதான் புராட்டஸ்டண்ட். வெளி ஆட்களுக்கு இரண்டும் ஒன்றுதான். 'வேதக்காரங்க' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எங்களுக்குள்தான் ஆயிரம் வித்தியாசம். நாங்கள் இயேசு என்போம், அவர்கள் சேசு என்பார்கள். ஆராதனை நடத்துகிறவர் எங்களுக்கு ஐயர், அவர்களுக்குச் சாமியார். மாதா சப்பரம் சந்துக்குள் வந்தால் என் கணவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். குழாயடியில் எங்களுக்குப் 'பதிதருங்க' என்று பெயர், அதாவது நம்பிக்கையிலிருந்து வழுக்கி விழுந்தவர்கள். நாங்கள் மட்டும் சளைத்தவர்களா? கதவைச் சாத்திக்கொண்டு அவர்களைச் 'சிலைக்காரங்க' என்போம். சண்டை சச்சரவெல்லாம் கிடையாது. மீன் குழம்பு கொடுத்தால் வாங்கிக்கொள்வோம், பாத்திரத்தைச் சும்மா திருப்பித் தரமாட்டோம். ஆனால் பெண் கொடுக்கவோ எடுக்கவோ மூச்சுவிடக் கூடாது.

பிரசவத்துக்குத் துணையாக என் நாத்தனார், கணவருக்கு மூத்தவர், ஊரிலிருந்து வந்திருந்தார். வேத வசனத்தை விரல் நுனியில் வைத்திருக்கிறவர். தலையில் பூ வைத்தாலே முகம் சுளிப்பார். அந்தச் சந்தில் நடக்கிற எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. வந்த அன்றைக்கே, "இங்க எப்படிடா இருக்கீங்க?" என்று தம்பியைக் கேட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. ஐப்பசி மழை அந்த ஏற்பாட்டைக் கெடுத்தது. நல்ல மத்தியானத்தில் வலி எடுத்துவிட்டது, தெருவில் முழங்கால் தண்ணீர், ஜட்கா ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். நாத்தனார் வேறு வழியில்லாமல் எதிர் வரிசையில் இருந்த மருத்துவச்சியைக் கூட்டிவந்தார். நாற்பது வயசு இருக்கும். வெற்றிலை போட்ட வாய், கழுத்தில் ஜெபமாலை. சந்தில் ஓடி விளையாடுகிற பிள்ளைகளில் பாதி அவர் கையில் பிறந்ததுதான்.

"இன்னா கண்ணு, இதுக்கே பயந்துகினா எப்டி? மூச்ச புடிச்சிக்கினு முக்கு" என்று அதட்டியே என்னைப் பிள்ளை பெற வைத்தார். நாத்தனார் வெந்நீர் போடப் பின்கட்டுக்குப் போயிருந்த நேரம் பிள்ளை பிறந்தது.

அழவில்லை.  நீலம் பாரித்துக் கிடந்தான். மருத்துவச்சி விரலில் துணி சுற்றி வாயைத் துடைத்தார், தலைகீழாகப் பிடித்து உள்ளங்காலில் தட்டினார், வாயில் ஊதினார். ஒன்றும் நடக்கவில்லை. அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கண்ணு, புள்ள நெலம சரியா இல்ல. சாவுற புள்ளக்கி எங்க மொறையில தண்ணி ஊத்துவோம். ஊத்திடட்டா? நீ வேணான்னா வேணாம்."

அதாவது அவசர ஞானஸ்நானம். சாமியார் வருவதற்குள் உயிர் போய்விடும் என்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அவர்கள் கோயிலில் மருத்துவச்சிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்களாம். அது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. பிள்ளைக்காக யாரோ ஏதோ செய்கிறேன் என்கிறார், அவ்வளவுதான் புரிந்தது. "ஊத்துங்கக்கா" என்றேன்.

குடத்திலிருந்து ஒரு தம்ளர் குழாய்த் தண்ணீரை எடுத்து, 'ராயப்பன்' என்று பெயர் சொல்லி, உச்சந்தலையில் மூன்று தரம் ஊற்றினார். என்னை அதட்டிய அதே குரல் இப்போது கெஞ்சியது. மூன்றாம் தரம் ஊற்றும்போது நாத்தனார் வெந்நீருடன் உள்ளே வந்தார். அவர் காதில் விழுந்தது கடைசி வார்த்தைகள் மட்டும்: "இஸ்பிரீத்து சாந்து."

பிள்ளை உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, வீறிட்டு அழுதான்.

பச்சைத் தண்ணீர் பட்ட அதிர்ச்சிதான் என்று பிற்பாடு என் கணவர் விளக்கம் சொன்னார். இருக்கலாம். எனக்கு அந்த ஆராய்ச்சி வேண்டாம். நானும் மருத்துவச்சியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். நாத்தனார் அழவில்லை. பிள்ளையின் தலையைக் குனிந்து முகர்ந்து பார்த்தார். நெற்றியைத் துடைத்துப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சாயங்காலம் கணவர் வந்ததும்தான் விளங்கியது. "பிள்ளை தலையில ஸ்பிரிட்டை ஊத்திச் சாந்து பூசிட்டா அந்தப் பொம்பளை. ஏதோ மந்திரம்!" என்று நாத்தனார் ஆரம்பித்தார். அது மதுவிலக்கு இருந்த காலம். துறைமுகப் பக்கம் ஸ்பிரிட்டைத் திருட்டுத்தனமாகக் குடிக்கிற ஆட்கள் இருந்தார்கள். ஸ்பிரிட் என்றால் எங்கள் வீட்டில் அதுதான் நினைவுக்கு வரும், சாந்து என்றால் நெற்றியில் இடுகிற சாந்துப் பொட்டு. என் கணவர் நேரே எதிர் வரிசைக்குப் போனார்.

மருத்துவச்சி மறைக்கவில்லை. "சாவுற புள்ளன்னு ஞானஸ்நானம் குட்த்தேன் நைனா" என்று சொல்லிவிட்டார். ஸ்பிரிட்டைவிட அது பெரிய இடியாக விழுந்தது. "என் பிள்ளைக்குப் பேர் வைக்க நீ யாரு? நாளைக்கு உங்க சாமியார் வந்து இது எங்க பிள்ளைன்னு கேட்டா நான் என்ன பண்றது? இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்று கத்திவிட்டு வந்தார். எங்கள் ஐயரை வரவழைத்து மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும், அந்தத் தண்ணீர் செல்லாது என்று அக்காவும் தம்பியும் முடிவு செய்தார்கள். அழுக்குத் துணியைத் துவைக்கிற மாதிரி என் பிள்ளையைத் துவைத்துவிடப் போகிறார்களாம்.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அந்தத் தண்ணீர் செல்லாது என்றால், என் பிள்ளைக்காக அழுத அந்த அழுகையும் செல்லாதா? போதாக்குறைக்கு, தினமும் வந்து பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டியவரைத் தடுத்தாகிவிட்டது. நாத்தனாருக்குப் பிள்ளை பெற்ற அனுபவம் கிடையாது, எனக்கோ பிள்ளையைப் பிடிக்கவே பயம். குளிப்பாட்டினோம் என்று பேர், மூன்று பேருமே நனைந்து அழுதோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஐயர் வீட்டுக்கு வந்தார். இளவயசுக்காரர், சிரித்த முகம். என் கணவர் எல்லாவற்றையும் ஒப்பித்தார். ஐயர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த அம்மாவைக் கொஞ்சம் வரச் சொல்லுங்களேன்" என்றார்.

மருத்துவச்சி வாசப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். மிதிக்காதே என்று சொன்னதை அவர் மறக்கவில்லை. "தோஸ்திரம் சாமி" என்று கும்பிட்டார்.

"என்ன தண்ணீம்மா ஊத்தினீங்க?"

"கொழாத் தண்ணி சாமி. வேற இன்னா கீது ஊத்த?"

"என்ன சொல்லி ஊத்தினீங்க?"

அவர் கைகூப்பி, பயந்து பயந்து பிதாவையும் சுதனையும் சொல்லி, "இஸ்பிரீத்து சாந்து" என்று முடித்தார். "பாத்தீங்களா ஐயா, அதேதான்!" என்றார் நாத்தனார்.

ஐயர் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை விழித்துக்கொண்டான். "அம்மா, அது ஸ்பிரிட்டும் இல்ல, சாந்தும் இல்ல. போர்த்துக்கீசிய வார்த்தை. முதல்ல கப்பல்ல வந்த சாமியாருங்க விட்டுட்டுப் போனது. நாம பரிசுத்த ஆவின்னு சொல்றதைத்தான் அவங்க அப்படிச் சொல்றாங்க." நாத்தனார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பிள்ளையின் தலையை முகர்ந்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

கணவர் விடவில்லை. "அது சரிங்க ஐயா. யாரைக் கேட்டு ஊத்தினாங்க?"

மருத்துவச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரையும் கேக்கல சாமி. நானாத்தான் ஊத்தினேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

எனக்காகப் பொய் சொல்கிறார். தன் கோயில் சாமியாராகவே நினைத்துக் கும்பிட்ட ஆளிடம், என் குடும்பத்தில் சண்டை வரக் கூடாதே என்று பொய். பச்சை உடம்புக்காரி என்று என்னைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். எழுந்து வந்தேன்.  "இல்லைங்க ஐயா. அவங்க என்னைக் கேட்டாங்க. நான்தான் ஊத்தச் சொன்னேன்."

 என் கணவர் என்னையே பார்த்தார். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எங்கிட்டக் கேக்கவே இல்லையே" என்றேன். கல்யாணமான பிறகு அவரை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது. சொன்ன பிறகு எனக்கு ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

ஐயர்தான் பேசினார். "தாய் சம்மதிச்சிருக்கா. தண்ணி ஊத்தியாச்சு, மூணு நாமமும் சொல்லியாச்சு. மறுபடி நான் ஊத்தினா இது பொய்னு ஆயிடும். அது என்னால முடியாது. பிள்ளையைச் சபைக்குக் கொண்டுவாங்க, ஜெபம் பண்ணிச் சேர்த்துக்கிறேன். ராயப்பன்னு பேர் வச்சிருக்காங்க. நம்ம பேதுருவைத்தானே அவங்க ராயப்பர்ங்கறாங்க, நீங்க பேதுருன்னே கூப்பிடுங்க."

 என் கணவர் எழுந்து வாசலுக்குப் போய், "உள்ள வாங்க. நாளைக்குப் பிள்ளையைக் குளிப்பாட்ட வருவீங்களா?" என்றார்.

"வராம எங்க போவப்போறேன் நைனா? ஒங்க வூட்டம்மா புள்ளய புடிக்கிற லட்சணத்த சொல்லிச் சொல்லி கொழாயடியே சிரிச்சிகினு கீது" என்றார் மருத்துவச்சி. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

சபையில் சேர்க்கிற அன்று அவரையும் கூப்பிட்டோம். புதுச் சேலை கட்டிக்கொண்டு ஆலய வாசல் வரை வந்தவர், படியில் கால் வைக்கவில்லை. எங்கள் ஆராதனைக்கு வந்தால் அவர்களுக்குப் பாவம், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். "நான் இங்கியே நின்னுக்கறேன் கண்ணு. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்று ஜன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளே பேதுரு என்று பெயர் படித்தார்கள். ஜெபம் முடிந்ததும் ஜன்னலுக்கு வெளியிலிருந்து, நாங்கள் எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, தனியாக ஒரு ஆமென் வந்தது.

யாரும் எதிர்பார்க்கவில்லை, என் நாத்தனார் எழுந்தார். என் மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சபை முழுக்கப் பார்க்க நடுவழியே நடந்து, வாசலைத் தாண்டிப் படியிறங்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன். மருத்துவச்சியை அக்கா என்றோ அம்மா என்றோ அதுவரை வாயெடுத்துக் கூப்பிடாதவர், பிள்ளையை அவர் கையில் கொடுத்து, "ராயப்பா, உன் ஞானத்தாய் வந்திருக்காங்க பாரு" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஜெபங்களைக் கேட்டுவிட்டேன், பெரும்பாலும் மறந்தும் போய்விட்டது. எனக்குப் புரியாத ஒரு வார்த்தையைச் சொல்லி என் பிள்ளையின் மூச்சுக்காகக் கெஞ்சிய அந்தக் குரல் மட்டும் இன்னும் மறக்கவில்லை.