பகீயில் எடுத்த போட்டோ

வாப்பா மதீனாவில் மௌத்தாகிப் பதினொரு வருடம். ஹஜ் முடித்து அங்கே தங்கியிருந்தபோது மாரடைப்பு. நபியவர்களின் பள்ளிவாசலுக்குப் பக்கத்திலுள்ள பகீ மையவாடியிலேயே அடக்கிவிட்டார்கள். வீட்டில் யாரும் அந்தக் கபுறைப் பார்த்ததில்லை. இந்த ஜனவரியில் நானும் கணவரும் உம்ராவுக்குக் கிளம்பியபோது உம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வாப்பாட கபுறப் போட்டோ எடுத்து அனுப்பு மகள்." பேரீச்சம்பழம்கூடக் கேட்கவில்லை.

மொன்றியலிலிருந்து இஸ்தான்புல் ஒன்பதரை மணி நேரம், அங்கே ஐந்து மணி நேரக் காத்திருப்பு, மதீனாவுக்கு இன்னும் நான்கு. டிக்கெட் ஆளுக்கு 1,640 டொலர். கிளம்பும்போது மொன்றியலில் எங்கள் பகுதியான பியர்பொன்ட்ஸில் மைனஸ் இருபத்திரண்டு. மதீனாவில் இறங்கும்போது வெயில். போட்டிருந்த இரண்டு ஸ்வெட்டரையும் விமான நிலையத்திலேயே கழற்றினேன். ஹோட்டல் நாளுக்கு 310 ரியால், பள்ளிக்குப் பதினொரு நிமிட நடை. அதைவிடக் கிட்ட இருப்பவற்றின் விலையைக் கேட்டால் தலை சுற்றும், கேட்காதீர்கள்.

பகீயை அதிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகும் திறக்கிறார்கள். ஆண்களுக்கு மட்டும். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் வாசல்வரை போய் நின்றேன். என்னுடைய வாப்பா, நான் மதிலுக்கு வெளியே! கணவர் மட்டும் அஸருக்குப் பின் உள்ளே போனார். இருபது நிமிடத்தில் வந்து போனை நீட்டினார். மண்ணில் நட்ட ஒரு சாம்பல் நிறக் கல். அப்படியே உம்மாவுக்கு அனுப்பினேன். மொன்றியலில் அப்போது காலை எட்டரை. நான்கு நிமிடத்தில் குரல் செய்தி வந்தது. முழுக்க அழுகை, சொல் ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் குபா பள்ளிக்கும் உஹது மலைக்கும் டாக்ஸி பிடித்தோம். மூன்று மணி நேரத்துக்கு 120 ரியால். சாரதி எங்கள் காத்தான்குடிக்குப் பக்கத்து ஏறாவூர்க்காரர். நம்முடைய ஆள் கிடைத்த சந்தோஷத்தில், சொந்த அண்ணனிடம் காட்டுவதுபோல் போனைக் காட்டினேன். "வாப்பாட கபுறு, நானா."

அவர் சிக்னலில் நின்றபடி பார்த்தார். "இது உங்கட வாப்பாட எண்டு ஆரு சொன்ன?"

"ஏன்?"

"அங்க ஆருக்கும் பேர் இல்லையே தங்கச்சி. எல்லாம் வெறும் கல்லுதான். கொஞ்ச வருஷம் போனா அதே இடத்துல வேற ஆளையும் வெப்பாங்க."

காத்தான்குடியில் தலைமாட்டில் நடும் மீஸான் கட்டை உண்டு, மொன்றியலுக்குப் பக்கத்து லாவால் மையவாடியில் பெயரும் ஆண்டும் பொறித்த கல் உண்டு. அடையாளமே இல்லாத கபுறு இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திரும்பிக் கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணுக்கு எட்டின வரைக்கும் கல்லு," என்றார். "நீ வெளிய நிக்கிற. உம்மா போனோட இருக்கிறா. வெறுங்கையோட எப்பிடி வாற?"

குபாவில் இரண்டு ரக்அத் தொழுதேன். என்ன ஓதினேன் என்று கேட்டால் தெரியாது. உஹதில், அங்கே நடந்த போரில் இறந்த ஷஹீதுகளை அடக்கிய இடத்தைக் கம்பி வழியாகப் பார்த்தேன். அங்கேயும் பெயர் இல்லை. மலையின் அழகைப் பற்றி எழுத வேண்டும்தான், ஆனால் அன்று நான் எதையும் பார்க்கவில்லை.

வீடு திரும்பிய மறுநாள் குசினியில் உம்மாவிடம் சொல்லிவிட்டேன். கத்துவா என்று நினைத்தேன். மீன் வெட்டுவதை நிறுத்தாமலே சொன்னா: "தம்பிக்கும் அனுப்பிட்டன். அவன் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவர்ல மாட்டிட்டான். நீ இனி வாயத் திறக்காத."

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குடும்பத்தில் யாரையாவது பகீயில் அடக்கியிருந்தால், கபுறைக் கண்டுபிடிக்க முடியாது என்பதை வீட்டாருக்குக் கிளம்பும் முன்பே சொல்லுங்கள். பெண்கள் மதிலோரம் நின்று சலாம் சொல்லலாம். போனை ஹோட்டலிலேயே வைத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்ட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் தேத்தண்ணி குடித்துவிட்டு ரயிலேறினேன். அவனுடைய நாலு வயது மகள் தினமும் அந்தக் கல்லுக்கு "பொன்ஜூர் மூத்தாப்பா" சொல்லிவிட்டுத்தான் கார்ட்ரி என்கிற பாலர் காப்பகத்துக்குப் போகிறாள்.

தம்பி, நான் எழுதுவதை நீ ஒன்று விடாமல் வாசிப்பாய். போட்டோவை எடுத்தது மச்சான், அனுப்பியது நான். அந்தக் கல் யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.